சான் ஃபிரான்சிஸ்கோ நகராட்சி ஒப்பந்தமும் 'டொமஸ்டிக் பார்ட்னர்' சமச் சலுகையும்: சிறு நிறுவனங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டெண்டரில் உங்கள் விலைதான் குறைவு. தொழில்நுட்பத் தேர்வையும் தாண்டியாகிவிட்டது. கையெழுத்துப் போட வேண்டிய வாரத்தில் நகராட்சியிலிருந்து ஒரு வரி மின்னஞ்சல் வருகிறது: உங்கள் 12பி இன்னும் முடியவில்லை, முடித்துவிட்டு வாருங்கள். 12பி என்பது ஒரு நகரச் சட்டம்: நகராட்சியோடு ஒப்பந்தம் செய்யும் நிறுவனம், ஊழியரின் கணவன் அல்லது மனைவிக்குத் தரும் சலுகையை அவருடைய டொமஸ்டிக் பார்ட்னருக்கும், அதாவது மணக்காமல் இணையராக அரசிடம் பதிவு செய்துகொண்டவருக்கும், தர வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் இருபது முப்பது பேரை வைத்துக் கணினி நிறுவனம் நடத்துகிறவர்கள் இந்தச் சட்டத்தை முதலில் சந்திப்பது பெரும்பாலும் இப்படித்தான். நான் எச்.ஆர். வேலை பார்த்த சிறிய நிறுவனத்திலும் அதுவே நடந்தது. "நம்ம ஆபீஸ்ல அப்படி யாரும் இல்லையே, இதை எதுக்குக் கேக்கறாங்க?" என்றார் முதலாளி. இந்தச் சட்டத்துக்கு அந்தப் பதில் உதவாது. அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று அது கேட்பதில்லை. இருந்தால் அவருக்கு என்ன கிடைக்கும் என்றுதான் கேட்கிறது.

சட்டம் கேட்பது என்ன?

சான் ஃபிரான்சிஸ்கோ இந்தச் சட்டத்தை 1996 நவம்பரில் இயற்றியது. 1997 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. அப்போது அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் ஓர் ஆண் ஆணையோ ஒரு பெண் பெண்ணையோ சட்டப்படி மணக்க முடியாது. ஒரே மேசையில் ஒரே வேலை செய்யும் இருவரில், மணமானவரின் மனைவிக்கு இன்சூரன்ஸ் உண்டு. மணக்கச் சட்டம் அனுமதிக்காதவரின் துணைக்கு ஒன்றும் இல்லை. திருமணச் சட்டத்தை நகராட்சியால் மாற்ற முடியாது, ஆனால் தன் பணத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய முடியும். கணவன் அல்லது மனைவி உள்ள ஊழியருக்கும் பதிவுசெய்த டொமஸ்டிக் பார்ட்னர் உள்ள ஊழியருக்கும் சலுகையில் வேறுபாடு காட்டும் நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லை என்றது. அமெரிக்காவில் இப்படிச் சொன்ன முதல் நகரம் அதுதான். லாஸ் ஏஞ்சலிஸ், சியாட்டில் போன்ற நகரங்கள் பின்னால் வந்தன.

2015 ஜூன் 26-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தன்பாலினத் திருமணத்தை உறுதி செய்துவிட்டதே, இன்னும் இது எதற்கு? நியாயமான கேள்விதான். ஆனால் சட்டத்தின் வாசகம் டொமஸ்டிக் பார்ட்னரைத்தான் பேசுகிறது, அந்த இணையர் எந்தப் பாலினமாக இருந்தாலும் சரி. அதை யாரும் நீக்கவில்லை. தன்பாலினத் தம்பதியை ஏற்கிறோம் என்று எழுதிவிட்டு, மணக்காமல் பதிவு மட்டும் செய்துகொண்டவர்களை விட்டுவிட்டால் படிவம் திரும்பி வரும். மணக்காமல் இருக்க ஆளுக்கொரு காரணம் இருக்கும். ஊரில் பெற்றோருக்கு இன்னும் சொல்லவில்லை என்பதும் அதில் ஒன்று.

சட்டத்தின் பழைய இடம் நிர்வாகச் சட்டத் தொகுப்பின் 12பி அத்தியாயம். இப்போது தொழிலாளர், வேலைவாய்ப்புச் சட்டத் தொகுப்பின் 131-ஆம் பிரிவுக்கு நகர்த்திவிட்டார்கள். ஒப்பந்தத்தில் 131 என்று இருந்தால் குழம்ப வேண்டாம், பழகியவர்கள் வாயில் அது இன்னும் 12பி தான்.

முதல் படி: உங்களைக் கேட்பது எந்த அரசு?

இதைத் தெளிவு செய்யாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

கலிபோர்னியா மாநில அரசின் சட்டம் தனி. 1,00,000 டாலருக்கும் அதற்கு மேலும் உள்ள மாநில ஒப்பந்தங்களுக்கு, பொது ஒப்பந்தச் சட்டத் தொகுப்பின் 10295.3 பிரிவு இதே சமத்துவத்தைக் கேட்கிறது. 2007 முதல் நடைமுறையில் உள்ளது. அங்கே ஒப்பந்ததாரர் உறுதிமொழித் தாளில் ஒரு பத்தியாக அது வரும், நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். சான் ஃபிரான்சிஸ்கோ கையெழுத்தோடு விடாது, ஆவணம் கேட்கும். லாஸ் ஏஞ்சலிஸுக்கு அதன் சொந்தப் படிவம் உண்டு.

மத்திய அரசு இதைக் கேட்டதே இல்லை. பாலின ஈர்ப்பு, பாலின அடையாளம் காரணமாகப் பாகுபாடு கூடாது என்று 2014-ல் ஒபாமா ஓர் ஆணையின் மூலம் மத்திய ஒப்பந்ததாரர்களுக்கு விதி வைத்தார். அந்த விதி 11246-ஆம் எண் ஆணையின் மேல் கட்டப்பட்டது. 2025 ஜனவரியில் டிரம்ப் அந்த ஆணையையே ரத்து செய்துவிட்டார். அதைப் படித்துவிட்டு "இந்தத் தொல்லை எல்லாம் போச்சு" என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. நகரச் சட்டமும் மாநிலச் சட்டமும் அதனால் அசையவில்லை.

நியூயார்க்கில் கதையே வேறு. அந்த நகரமும் இதே மாதிரி ஒரு சட்டம் போட்டது. மேயர் புளூம்பெர்க் அதை நடைமுறைப்படுத்த மறுத்தார். 2006-ல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் மேயர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆகவே ஓர் ஊரில் கேட்டதை வைத்து இன்னோர் ஊரை ஊகிக்காதீர்கள்.

இரண்டாம் படி: உங்கள் ஊழியர்களில் யாரெல்லாம் இதற்குள் வருகிறார்கள்?

மூன்று வட்டங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் வேலை பார்க்கும் உங்கள் எல்லா ஊழியர்களும் முதல் வட்டம், அவர்கள் நகராட்சி வேலையைத் தொடாவிட்டாலும் சரி. நகருக்குச் சொந்தமான நிலத்தில் வேலை செய்பவர்கள் இரண்டாவது வட்டம். விமான நிலையம் நகர எல்லைக்கு வெளியே இருந்தாலும் நகரின் சொத்துதான். அமெரிக்காவில் வேறெங்கிருந்தாவது இந்த ஒப்பந்தத்துக்காக வேலை செய்பவர்கள் மூன்றாவது வட்டம்.

சறுக்குவது இந்த மூன்றாவது வட்டத்தில். கலிபோர்னியா ஊழியர்களுக்கு மாநிலச் சட்டமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. காப்பீட்டு நிறுவனங்கள் பதிவுசெய்த பார்ட்னருக்கும் மணத்துணைக்கும் ஒரே மாதிரி பாலிசி தர வேண்டும் என்று 2005 முதல் சட்டம் இருக்கிறது. டெக்சாஸில் வீட்டிலிருந்து இந்த புராஜெக்டுக்குக் கோடு எழுதும் இருவருக்கு அந்த வசதி இல்லை. அவர்களை மறந்துவிட்டுப் படிவம் நிரப்புவது எளிது. சென்னையில் இருக்கும் உங்கள் குழு இதில் வராது.

வெளிமாநிலம் வரை நகரம் கை நீட்டலாமா என்று வழக்கும் நடந்தது. நகரத்துக்குச் சொந்தமான ஹெட்ச் ஹெட்ச்சி மின் நிலையங்களில் டிரான்ஸ்ஃபார்மர் பராமரிப்பு வேலைக்கு எஸ்.டி. மையர்ஸ் என்ற ஒஹையோ நிறுவனம் வந்தது. மத நம்பிக்கையைச் சொல்லி இந்தச் சட்டத்தை ஏற்க மறுத்தது, ஒப்பந்தம் கிடைக்கவில்லை. 2001-ல் மேற்கு மாநிலங்களுக்கான மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் (ஒன்பதாவது வட்டம்) நகரத்தின் பக்கம் நின்றது.

மூன்றாம் படி: 'கணவன்/மனைவி' என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் தேடுங்கள்

நாள் கணக்கில் நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். எல்லோரும் நேராக ஹெல்த் இன்சூரன்ஸுக்கு ஓடுவார்கள், புரோக்கரைக் கூப்பிடுவார்கள், அவர் "பார்ட்னர் கவரேஜ் இருக்கு சார்" என்பார், முடிந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். என் அனுபவத்தில் இன்சூரன்ஸில் சிக்கியதைவிட ஹேண்ட்புக்கில், அதாவது ஊழியர் விதிக் கையேட்டில், சிக்கியதுதான் அதிகம்.

சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுபவை இவை: துக்க விடுப்பு, குடும்ப மருத்துவ விடுப்பு, மருத்துவக் காப்பீடு, சங்க உறுப்பினர் சலுகை, இடமாற்றச் செலவு, ஓய்வூதியம், பயணச் சலுகை. இவற்றோடு 'மற்ற எந்தச் சலுகையும்' என்று ஒரு வால் வேறு. ஹேண்ட்புக்கை கணினியில் திறந்து ஒவ்வொரு இடமாகத் தேடுங்கள். ஆண்டு விழாவுக்குக் 'குடும்பத்தோடு' வரலாம் என்ற அறிவிப்பு, ஜிம் கட்டணச் சலுகை, ஊழியர் இறந்தால் கடைசிச் சம்பளம் யாருக்கு என்ற வரி, எல்லாவற்றையும் பாருங்கள்.

துக்க விடுப்பை மட்டும் இரண்டு முறை பாருங்கள். 'கணவன்/மனைவி அல்லது பார்ட்னர் இறந்தால் ஐந்து நாள்' என்று திருத்திவிடுவீர்கள். அடுத்த வரியில் 'மாமனார், மாமியார் இறந்தால் மூன்று நாள்' என்று இருக்கும். பார்ட்னரின் அம்மா இறந்தால்? மாமியார் என்ற உறவே திருமணத்தால் வருவது, பார்ட்னரின் தாய் தானாக அதில் வந்துவிட மாட்டார். துணையின் பிள்ளைகள் விஷயமும் அப்படித்தான். எங்கள் படிவம் ஒரு முறை திரும்பி வந்தது இந்த ஒரு வரியால்தான்.

ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாகத் திருத்துவதைவிட, ஹேண்ட்புக்கின் முன்பகுதியில் ஒரு விளக்கம் சேர்ப்பது நல்லது. மாதிரி வாசகம்: 'இந்தக் கையேட்டில் கணவன் அல்லது மனைவிக்குத் தரப்படும் எந்தச் சலுகையும் பதிவுசெய்த டொமஸ்டிக் பார்ட்னருக்கும் அதே நிபந்தனையில் உண்டு. மணத்துணையின் உறவினருக்குப் பொருந்துவது பார்ட்னரின் உறவினருக்கும் பொருந்தும்.' ஆங்கிலத்தில் எழுதி வழக்கறிஞரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

நான்காம் படி: யார் பார்ட்னர்?

நகரச் சட்டப்படி, ஏதாவது ஓர் அரசு அமைப்பிடம் பதிவு செய்துகொண்ட இருவர். ஒரே பாலினமாகவும் இருக்கலாம், வேறு பாலினமாகவும் இருக்கலாம். கலிபோர்னியாவில் 2020 முதல் 18 வயது நிரம்பிய எந்த இருவரும் மாநிலத்திடம் பதிவு செய்யலாம். அதற்கு முன்பு, ஆணும் பெண்ணுமாக இருந்தால் ஒருவருக்காவது 62 வயது ஆகியிருக்க வேண்டும்.

சான்று கேட்கலாமா? மணமானவர்களிடம் திருமணச் சான்றிதழ் கேட்கிறீர்கள் என்றால் பார்ட்னர்களிடம் பதிவுச் சான்றிதழ் கேளுங்கள். அவர்கள் வாய்மொழியை நம்புகிறீர்கள் என்றால் இவர்களுடையதையும் நம்புங்கள். ஒரு பக்கம் மட்டும் மூன்று வருட மின்கட்டண ரசீதும் கூட்டு வங்கிக் கணக்கும் கேட்பது பாகுபாடுதான். ஹேண்ட்புக்கில் இல்லாவிட்டாலும் பழைய இன்சூரன்ஸ் படிவங்களில் இந்த வழக்கம் ஒளிந்திருக்கும்.

'பார்ட்னர்' என்ற சொல்லையே எழுத விரும்பாத நிறுவனங்களுக்கும் வழி உண்டு. 1997-ல் கத்தோலிக்கத் தொண்டு அமைப்பு ஏராளமான நகராட்சி ஒப்பந்தங்களை இழக்கும் நிலையில் இருந்தபோது, பேராயர் வில்லியம் லெவாடா நகரத்தோடு பேசி ஒரு சமரசம் கண்டார். ஊழியர் தன் வீட்டில் சட்டப்படி சேர்ந்து வாழும் ஒருவரைக் குறிப்பிடலாம். அது மனைவியாகவும் இருக்கலாம், அக்காவாகவும் இருக்கலாம், துணைவராகவும் இருக்கலாம், நிறுவனம் உறவைக் கேட்காது. உண்மையில் அதிகம் பேருக்குப் பயன் தரும் ஏற்பாடு அது.

இன்னொரு வழி, மணத்துணை உட்பட யாருக்கும் எதுவும் தராமல் இருப்பது. சட்டப்படி அதுவும் இணக்கம்தான். ஆனால் இருக்கிற சலுகையைப் பிடுங்கிச் சமம் ஆக்கினால் அடுத்த மாதம் நல்ல ஊழியர்கள் இருக்க மாட்டார்கள்.

ஐந்தாம் படி: இன்சூரன்ஸும் பேரோலும்

புரோக்கரிடம் வாயால் கேட்பது போதாது. திட்ட ஆவணத்தில் தகுதி பற்றிய பக்கத்தில் பார்ட்னர் என்று அச்சில் இருக்க வேண்டும். மருத்துவம், பல், கண் மூன்றுக்கும் தனித்தனி நிறுவனம் என்றால் மூன்று பக்கங்கள்.

அப்புறம் வரி. ஊழியர்கள் கோபப்படுவது இங்கேதான், அவர்கள் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. பதிவுசெய்த பார்ட்னரை மத்திய வரித்துறை மணத்துணையாக ஏற்பதில்லை. ஆகவே பார்ட்னரின் இன்சூரன்ஸுக்கு நிறுவனம் கட்டும் பணம் ஊழியரின் வருமானமாகக் கணக்கிடப்படும். மாதம் 600 டாலர் நிறுவனம் கட்டுகிறது என்று வையுங்கள். ஆண்டுக்கு 7,200. ஊழியர் 22 சதவீத வரி வரம்பில் இருந்தால் மத்திய வருமான வரி 1,584 டாலர். சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் சேர்த்து 7.65 சதவீதம், அது 550.80. பக்கத்து மேசைக்காரர் தன் மனைவிக்காக இதில் ஒரு சென்ட் கூடக் கட்டுவதில்லை. பதிவுசெய்தவர்களுக்குக் கலிபோர்னியா மாநில வரியில் இந்தச் சுமை கிடையாது, ஆகவே பேரோல் மென்பொருளில் மத்தியக் கணக்கும் மாநிலக் கணக்கும் வேறாக இருக்க வேண்டும். பார்ட்னருக்காக ஊழியர் கட்டும் பங்கையும் மத்திய வரிக்கு முந்திப் பிடிக்கக் கூடாது.

பார்ட்னர் அந்த ஊழியரைச் சார்ந்து வாழ்பவர் என்றால், அதாவது ஆண்டு முழுவதும் ஒரே வீட்டில் இருந்து பாதிக்கு மேல் செலவை ஊழியரே பார்த்துக்கொண்டால், இந்த வரி பெரும்பாலும் வராது. இதை வரிக் கணக்காளரிடம் உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள். அந்த வரிச் சுமையை நிறுவனமே ஈடுகட்ட வேண்டும் என்று நகரச் சட்டம் சொல்லவில்லை. கூகுள் 2010-ல் தன் தன்பாலின ஊழியர்களுக்கு அதைச் செய்யத் தொடங்கியது. முப்பது பேர் நிறுவனத்துக்கும் பெரிய தொகை ஆகாது என்பது என் கருத்து.

காப்பீட்டு நிறுவனம் முடியவே முடியாது என்றால்? வேறு நிறுவனங்களிடம் கேட்ட கடிதங்களைச் சேர்த்து வைத்து, நகராட்சியிடம் அனுமதி பெற்று, அதற்கு ஈடான பணத்தை ஊழியருக்குத் தரலாம். மணத்துணைக்கு நிறுவனம் கட்டும் அதே தொகை. இது கடைசி வழி, நீங்களாக முதல் நாளிலேயே தேர்ந்தெடுக்க முடியாது.

நிறுவனத்தால் சமம் ஆக்க முடியாதவையும் உண்டு. வேலை போனபின் இன்சூரன்ஸைத் தொடரும் மத்திய 'கோப்ரா' உரிமை பார்ட்னருக்குச் சொந்தமாகக் கிடையாது. காப்பீட்டு நிறுவனத்தைச் சம்மதிக்க வைத்து ஒப்பந்தமாகத் தரலாம். நம்மவர்களுக்கு முக்கியமானது விசா. எச்1பி ஊழியரின் மணத்துணைக்குத்தான் எச்4 கிடைக்கும். இந்தியாவில் தன்பாலினத் திருமணம் இல்லை, 2023 அக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றமும் அதை வழங்க மறுத்துவிட்டது. அது சட்டப்படி செல்லும் ஒரு நாட்டிலோ அமெரிக்காவிலோ மணந்துகொண்டால் எச்4 உண்டு, பார்ட்னராகப் பதிவு செய்தால் மட்டும் இல்லை. எச்.ஆர். மேசைக்கு இந்தக் கேள்வி வந்தால் 'பதிவு போதும்' என்று தவறாகச் சொல்லிவிடாதீர்கள்.

ஆறாம் படி: படிவம்

நகராட்சியின் 'எஸ்எஃப் சிட்டி பார்ட்னர்' தளத்தில் விற்பனையாளராகப் பதிந்த கணக்கிலிருந்தே உறுதிமொழியைச் சமர்ப்பிக்கலாம். ஒவ்வொரு சலுகைக்கும் இரண்டு கேள்விகள்: மணத்துணைக்கு உண்டா, பார்ட்னருக்கு உண்டா? இரண்டு விடையும் ஒத்துப்போக வேண்டும். இரண்டுக்கும் 'இல்லை' என்றாலும் ஒத்துப்போவதுதான். கூடவே சான்று: ஹேண்ட்புக் பக்கம், இன்சூரன்ஸ் தகுதிப் பக்கம். திருத்திய ஹேண்ட்புக்கில் தேதி போடுங்கள், பழைய பதிப்பைத் தவறுதலாக ஏற்றாதீர்கள். முழு நூறு பக்கத்தையும் அனுப்புவதைவிட வேண்டிய பக்கங்களை மட்டும் அனுப்பினால் பதில் சீக்கிரம் வரும். ஊழியரே இல்லாத தனிநபர் நிறுவனம் என்றால் அதைச் சொன்னால் போதும்.

எல்லாவற்றையும் உடனே மாற்ற முடியாவிட்டால் அவகாசம் கேட்கலாம். இன்சூரன்ஸை அடுத்த ஆண்டுச் சேர்க்கைக் காலத்தில்தான் மாற்ற முடியும் என்றால் அதுவரை (இரண்டு ஆண்டுக்கு மிகாமல்), கணினி மாற்றம் போன்ற நிர்வாக வேலைகளுக்கு மூன்று மாதம், தொழிற்சங்க ஒப்பந்தம் குறுக்கே நின்றால் அது முடியும் வரை. விடுப்பு விதியை மாற்ற இன்சூரன்ஸ் சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க முடியாது, அது ஒரு மதியத்தில் முடிகிற வேலை.

பொய்யாக 'ஆம்' போட்டால்? ஒரு நபருக்கு ஒரு நாளைக்கு 50 டாலர் அபராதம் விதிக்கலாம். இருவர், 30 நாள் என்றால் 3,000. ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம், இரண்டு ஆண்டு வரை டெண்டரில் கலந்துகொள்ளத் தடையும் போடலாம்.

விமான நிறுவனங்கள் இதை எதிர்த்துப் பெரிய வழக்கு நடத்தின. ஊழியர் நலத் திட்டங்களை ஆளும் 'எரிசா' என்ற மத்தியச் சட்டத்தைக் காட்டி 1998-ல் பாதி வெற்றியும் பெற்றன. விமான நிலையம் நகரத்தின் ஏகபோகம், அங்கே நகரம் சாதாரண வாடிக்கையாளர் அல்ல, ஆகவே மருத்துவக் காப்பீட்டையும் ஓய்வூதியத்தையும் கட்டாயப்படுத்த முடியாது என்றது நீதிமன்றம். ஆனால் துக்க விடுப்பு, பயணச் சலுகை போன்றவை எரிசாவுக்குள் வராதவை, அவற்றைக் கேட்கலாம் என்றும் சொன்னது. 1999 கோடையில் யுனைடெட் ஏர்லைன்ஸ் தானாகவே முழுச் சலுகையை அறிவித்தது, அமெரிக்கன் ஏர்லைன்ஸும் பின்தொடர்ந்தது. இந்தத் தீர்ப்பைக் காட்டி விலக்குக் கேட்கலாமா என்று என்னிடம் ஒருவர் கேட்டார். நகராட்சிக்கு மென்பொருள் எழுதும் நீங்கள் விமான நிலையத்தில் ஓடுபாதை வாடகைக்கு எடுக்கவில்லையே!

ஏழாம் படி: ஊழியர்களுக்குச் சொல்வது

நகராட்சி சரி என்றதும் கோப்பை மூடி வைத்துவிடுவார்கள். ஊழியர்களுக்குத் தெரியாத சலுகை தராத சலுகைதான். எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். 'உங்களுக்குப் பயன்படும்' என்று நினைத்து ஒருவருக்கு மட்டும் தனியாக அனுப்பாதீர்கள், அவர் சொல்லாததை நீங்கள் சொன்னது போலாகிவிடும்.

ரகசியமும் இதில் அடங்கும். பத்துப் பேர் ஒரே ஊர்க்காரர்களாக இருக்கும் அலுவலகத்தில், ஒருவர் இன்சூரன்ஸில் யாரைச் சேர்த்தார் என்பது ஞாயிற்றுக்கிழமை பொட்லக்கிலேயே பேச்சாகிவிடும். சேர்க்கைப் படிவத்தைப் பார்ப்பவர் ஒருவர், மிஞ்சினால் இருவர் என்று எழுதி வையுங்கள். சம்பளச் சீட்டில் கூடுதல் வருமானத்தை 'டொமஸ்டிக் பார்ட்னர்' என்று அச்சடிக்காமல் ஒரு குறியீட்டு எண்ணால் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக் கடனுக்காக அந்தச் சீட்டை யார் யாரிடமோ நீட்ட வேண்டியிருக்கும்.

புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாள் தரும் தாளையும் பாருங்கள். 'திருமணமானவர், திருமணமாகாதவர்' என்று இரண்டே கட்டங்கள் இருந்தால் மூன்றாவதாக ஒன்று சேர்த்துவிடுங்கள். எங்கள் தாளில் அதைச் சேர்த்து நான்கு மாதம் கழித்து, இரண்டு வருடமாக எங்களோடு இருந்த ஒருவர் வந்து, அந்தப் புதுத் தாளில் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார்.